எந்த உலாவி வேகமானது? அளவுகளும் மயக்கங்களும்

பொருளாதார மாணவர்களும் பயிற்சி அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் மத்திய அரசு அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.



இணைய உலாவிகளின் செயல்திறன் பற்றி மக்களிடையே நிலவும் தவறான கருத்துகள் என்பதே இன்று எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருளாகும். பிரவுசர் என்று நாம் அன்றாடம் கூறுவதையே உலாவி என்கிறேன். பொருளாதாரம் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆனால் அரசின் பணிகள் பல இணையத்தின் வழியே மக்களைச் சென்றடையும் இந்நாளில், ஒரு மாணவி உதவித்தொகை பெறுவதும் பெறாமற் போவதும் சில சமயங்களில் ஒரு பக்கம் திறக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அமைந்து விடுகின்றன. திறக்காதபோது குற்றத்தை எவர் மீது சுமத்துகிறோம் என்பது சிறிய விஷயமன்று.

என் அனுபவத்தையே முதலில் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பங்கள் இணையம் வழியாகப் பெறப்பட்டன. கடைசி நாள் நெருங்க நெருங்க, பக்கம் திறக்கவில்லை என்னும் புகார்கள் வந்து குவிந்தன. நாங்கள் கூடி ஆலோசித்தோம். "மக்கள் பழைய உலாவியை வைத்துக்கொண்டு இருக்கிறார்கள், அதனால்தான் இந்தத் தொல்லை" என்றார் ஒருவர். எவரும் மறுக்கவில்லை. விண்ணப்பிப்போர் இன்ன உலாவியின் அண்மைப் பதிப்பையே பயன்படுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை ஒன்று வெளியிடப்பட்டது. அதில் கையொப்பமிட்டவன் நான். புகார்கள் குறையவில்லை. கூலி வேலை செய்யும் ஒரு தந்தை, தம் மகளுடன் மூன்று நாள் பொதுச் சேவை மையத்தில் காத்திருந்ததாகவும், மூன்று நாள் கூலியும் போயிற்று என்றும் எழுதியிருந்தார். அவர் குறிப்பிட்ட மையத்திற்கே நான் சென்று பார்த்தேன். அங்கிருந்த கணிப்பொறியில் நாங்கள் சுற்றறிக்கையில் பரிந்துரைத்த உலாவிதான் இருந்தது; அண்மைப் பதிப்பே இருந்தது. வேறோர் உலாவியிலும் அதே பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். இரண்டிலும் தேநீர் குடித்து முடிக்கும் நேரம் ஆயிற்று. திறந்தபோது முதலில் தெரிந்தது விண்ணப்பப் படிவமன்று. திட்டத் தொடக்க விழாவின் பெரிய வண்ணப் படங்கள், ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டு இருந்தன.

அன்று முதல் இப்பொருளைப் பற்றிச் சற்று படிக்கத் தொடங்கினேன். நான் பொறியாளன் அல்லன் என்பதை நினைவிற் கொண்டு கேட்க வேண்டுகிறேன்.

காத்திருப்பு எங்கே உண்டாகிறது?

உலாவி என்பது பக்கத்தைத் தன்னுள் வைத்திருக்கும் பெட்டியன்று. தொலைவிலுள்ள சர்வர் ஒன்றிடம் கேட்டு, வரும் உரை, படம், கட்டளை நிரல் ஆகியவற்றைப் பெற்று, அவற்றைப் பொருத்திக் கோத்துத் திரையில் வரைந்து காட்டும் கருவி அது. ஆகவே நாம் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பகுதி வலையமைப்பினுடையது. ஒரு பகுதி சர்வரினுடையது. ஒரு பகுதி பக்கத்தை எழுதியவருடையது. ஒரு பகுதி நம் கையிலுள்ள கருவியினுடையது. எஞ்சியதே உலாவியினுடையது. திரையில் நம் கண்ணுக்குத் தெரிவது உலாவி ஒன்றே ஆதலால், பழி முழுவதையும் அதன் மீதே போடுகிறோம். ரயில் தாமதத்திற்கு நிலையத்துக் கடிகாரத்தைக் கடிந்துகொள்வது போன்றது இது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணாடி இழை வழியே ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. தில்லியிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள சர்வருக்கு நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 12,000 கிலோமீட்டர். போய்வர 24,000 கிலோமீட்டர் என்றால் வினாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் கட்டாயம் ஆகும். கடலடிக் கம்பிகள் நேர்க்கோட்டில் செல்வதில்லை. ஆதலால் நடைமுறையில் ஒரு போய்வரவுக்கு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் ஆகிறது. பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்கு முன் இத்தகைய போய்வரவுகள் பல தேவைப்படுகின்றன. தொடர்பு ஏற்படுத்த ஒன்று, மறைக்குறியீட்டுப் பாதுகாப்பை உறுதி செய்யப் பழைய முறையில் இரண்டு, பக்கத்தைக் கேட்க ஒன்று. ஏறத்தாழ ஒரு வினாடி இவ்வாறே கழிந்துவிடும். உலகின் எந்த உலாவியும் ஒளியின் வேகத்தை மாற்ற இயலாது. போய்வரவின் எண்ணிக்கையை மட்டும் குறைக்கலாம், அதுவும் செய்யப்பட்டுள்ளது. 2018 இல் வெளிவந்த பாதுகாப்பு நெறிமுறை இரண்டு போய்வரவுகளை ஒன்றாக்கிற்று. 2022 இல் நெறிப்படுத்தப்பட்ட எச்.டி.டி.பி. மூன்றாம் பதிப்பு இன்னும் குறைத்தது. ஆனால் முன்னணி உலாவிகள் யாவும் இவற்றை ஏற்றுக்கொண்டு விட்டன. சர்வரை நடத்துவோர் ஏற்றுக்கொண்டார்களா என்பதே கேள்வி.

அடுத்தது பக்கத்தின் எடை. இணையப் பக்கங்களைத் தொடர்ந்து அளந்து வரும் எச்.டி.டி.பி. ஆர்க்கைவ் என்னும் பொதுப்பணித் திட்டத்தின் 2024 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நடு நிலையிலுள்ள பக்கம் ஒன்று கைப்பேசியிலும் 2 மெகாபைட்டுக்கு மேல் எடையுள்ளது. அதில் பெரும்பகுதி படங்களும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுமே ஆகும். படம் இறங்கினால் போதும், வரைந்துவிடலாம். நிரல் அவ்வாறன்று, இறங்கிய பின் கருவி அதனைப் படித்து, பெயர்த்து, இயக்கவும் வேண்டும். விலை உயர்ந்த கைப்பேசியில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும் இவ்வேலை, ஏழாயிரம் ரூபாய்க் கைப்பேசியில் பல மடங்கு நீளும். ஒரே உலாவி, ஒரே பக்கம். ஆயினும் இருவர் பெறும் அனுபவம் இருவேறு உலகங்களைச் சேர்ந்தது.

குறியீட்டெண் என்னும் பழைய சிக்கல்

அப்படியானால் இதழ்களிலும் விளம்பரங்களிலும் காணும் மதிப்பெண்கள் எவ்வாறு தோன்றின என்று கேட்பீர்கள். இங்குதான் பொருளாதாரம் படித்தவர்களுக்கு இப்பொருள் சொந்த வீடு போல் ஆகிறது.

விலைவாசிக் குறியீட்டெண்ணை எவ்வாறு கணிக்கிறோம்? மக்கள் வாங்கும் எல்லாப் பொருள்களையும் அளக்க இயலாது. ஆகவே ஒரு கூடையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எடையளித்து, சராசரி காண்கிறோம். மக்களின் நுகர்வு மாறும்போது கூடையையும் மாற்றுகிறோம். மாற்றாவிட்டால் குறியீட்டெண் இருக்கும். அது குறிக்கும் பொருள் இராது. உலாவிகளின் வேகச் சோதனையும் இதுவே. சில சிறு நிரல்களை ஒரு கூடையில் இட்டு, அவற்றை எத்தனை வினாடிகளில் உலாவி முடிக்கிறது என்று பார்த்து ஓர் எண்ணை வெளியிடுகின்றனர்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. விலைக் குறியீட்டெண்ணைக் கணிப்பவர் கடைக்காரர் அல்லர். உலாவிச் சோதனைகளின் வரலாற்றிலோ, கூடையை நிரப்பியவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்களே. 2007 இல் வந்த சன்ஸ்பைடர் சோதனை, சஃபாரி உலாவிக்கு அடிப்படையான வெப்கிட் குழுவினருடையது. 2010 இல் வந்த கிராக்கன், ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவினுடையது. 2012 இல் வந்த ஆக்டேன், குரோமை உருவாக்கும் கூகுளினுடையது. ஒவ்வொருவரும் தத்தம் சோதனையில் நன்றாகவே தேறினர் என்பதில் வியப்பில்லை. எவரும் பொய் சொன்னார்கள் என்று நான் கூறவில்லை. எது முக்கியம் என்று அவர்கள் கருதினார்களோ அதனை உலாவியிலும் திருத்தினர், சோதனையிலும் வைத்தனர்.

2010 நவம்பரில் நடந்த ஒரு நிகழ்ச்சி இங்கு நினைவுகூரத் தக்கது. அப்போது முன்னோட்டமாக வெளியிடப்பட்டிருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஒன்பதாம் பதிப்பு, சன்ஸ்பைடரின் ஒரு கணக்கை நம்ப முடியாத விரைவில் முடித்தது. மொசில்லாவின் பொறியாளர் ஒருவர் அக்கணக்கில் பயனற்ற ஒரு சிறு கட்டளையைச் சேர்த்துப் பார்த்தார். விடை மாறவில்லை, ஆனால் வேகம் எங்கோ போய்விட்டது. சோதனைக்காகவே செய்த வேலை இது என்று சிலர் குற்றஞ்சாட்டினர். பயனற்ற நிரலைக் கண்டறிந்து நீக்கும் பொதுவான முறையே இது, அது இன்னும் முழுமை பெறவில்லை என்று மைக்ரோசாஃப்ட் விளக்கமளித்தது. விளக்கம் ஏற்கத்தக்கதே. ஆனால் அதிலேயே ஓர் உண்மை வெளிப்பட்டது. அக்கணக்கின் விடையை எவரும் எதற்கும் பயன்படுத்தவில்லை! செய்யத் தேவையில்லாத வேலையை யார் விரைவாகச் செய்கிறார் என்பதே போட்டியாக இருந்திருக்கிறது.

1975 இல் சார்லஸ் குட்ஹார்ட் என்னும் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் பணக் கொள்கை பற்றி எழுதியபோது, கட்டுப்பாட்டுக்காகக் கையாளத் தொடங்கிய புள்ளிவிவர ஒழுங்கு எதுவும் அந்த அழுத்தத்திலேயே குலைந்துவிடும் என்னும் கருத்தை முன்வைத்தார். அவர் பெயரால் வழங்கும் அவ்விதிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிட்டியதில்லை. ஆக்டேன் சோதனைக்கும் இக்கதியே நேர்ந்தது. அதனை உருவாக்கிய குழுவினரே 2017 இல் அதனைக் கைவிட்டனர். ஆக்டேனில் மதிப்பெண் கூட்டுவதற்காகச் செய்யப்படும் திருத்தங்கள் உண்மையான பக்கங்களுக்குப் பயன் தருவதில்லை, சில சமயம் கேடும் விளைவிக்கின்றன என்று அவர்கள் வெளிப்படையாக எழுதினர். தாம் வெளியிட்ட குறியீட்டெண்ணைத் தாமே பொருளற்றது என்று கூறித் திரும்பப் பெறும் துணிவு புள்ளிவிவரத் துறைகளில் அரிதாகவே காணப்படுவது. 2024 மார்ச்சில் வெளிவந்த ஸ்பீடோமீட்டர் மூன்றாம் பதிப்பை, குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய மூன்றின் எஞ்சின்களை உருவாக்குவோரும் ஒன்றுகூடி அமைத்துள்ளனர். எவர் ஒருவர் கையிலும் கூடை இல்லை என்பது முன்னேற்றமே. ஆயினும் அதுவும் வலையமைப்பை அளப்பதில்லை. அளப்பது கருவிக்குள் நடக்கும் வேலையை மட்டுமே.

பெயர் பல, எஞ்சின் சில

எட்ஜைவிடக் குரோம் வேகமானதா, குரோமைவிடப் பிரேவ் வேகமானதா என்னும் விவாதங்களை நீங்கள் கேட்டிருக்கக் கூடும். உலாவியின் உள்ளே பக்கத்தை வரையும் பகுதியை எஞ்சின் என்பார்கள். குரோம், 2020 ஜனவரிக்குப் பிந்தைய எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி ஆகிய அனைத்தும் கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் என்னும் திறந்த நிரலின் மீதே கட்டப்பட்டவை. வண்டியின் நிறமும் இருக்கையும் வேறு, எஞ்சின் ஒன்று. பிரேவ் சில பக்கங்களை விரைவாகத் திறப்பது உண்மை. அதற்குக் காரணம் விளம்பரங்களையும் பின்தொடரும் நிரல்களையும் அது இறக்காமல் தடுப்பதே. வேறோர் உலாவியில் விளம்பரத் தடுப்பானைச் சேர்த்தால் அதிலும் ஏறத்தாழ அதே பயன் கிடைக்கும்.

ஐபோனில் நிலைமை இன்னும் விந்தையானது. ஆப்பிளின் விதிப்படி அதில் இயங்கும் உலாவிகள் யாவும் வெப்கிட் எஞ்சினையே பயன்படுத்த வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தை முன்னிட்டு அங்கு மட்டும் முதலில் இவ்விதி தளர்த்தப்பட்டது. ஐபோனில் சஃபாரியை விட்டுக் குரோமுக்கு மாறியதும் பக்கங்கள் பறக்கின்றன என்று என் நண்பர் ஒருவர் உறுதியாகக் கூறுவார். இரண்டும் உள்ளே ஒன்றே என்று சொன்னபோது என் மீது வருத்தப்பட்டார்.

புதிதாக நிறுவிய உலாவி விரைவாகத் தோன்றுவதற்கு வேறு காரணமும் உண்டு. பழையதில் நாற்பது தாவல்களும் பத்துத் துணைநிரல்களும் இருக்கும். புதியதில் ஒன்றும் இராது. இரண்டையும் ஒப்பிடுவது, மூட்டை சுமப்பவனையும் வெறுங்கையனையும் ஓடவிட்டுப் பரிசளிப்பது போன்றது.

தற்காலிகச் சேமிப்பை அடிக்கடி துடைத்தால் வேகம் கூடும் என்பதும் பரவலான நம்பிக்கை. முன்பு இறக்கிய படங்களை மீண்டும் இறக்காதிருக்கவே அச்சேமிப்பு வைக்கப்பட்டுள்ளது. பக்கம் பிழையாகத் தோன்றும்போது துடைப்பது தகும். நாள்தோறும் துடைப்பவர் அளவான தம் இணையத் திட்டத்திலிருந்து தரவை வீணே செலவழிக்கிறார். தனிமுறைச் சாளரத்தில் பார்த்தால் வேகம் என்பதும் இதே தவறுதான். அச்சாளரம் இணையத்தில் நம்மை மறைப்பதும் இல்லை. நம் கருவியில் வரலாற்றைச் சேமிக்காதிருப்பதோடு அதன் பணி முடிகிறது.

நினைவகம் தின்னும் உலாவி

குரோம் நினைவகத்தைத் தின்று தீர்க்கிறது என்னும் கேலியில் உண்மையும் மயக்கமும் கலந்துள்ளன. 2008 செப்டம்பரில் வெளிவந்த நாள் முதல் குரோம், தாவல்களைத் தனித்தனி வேலைகளாகப் பிரித்து இயக்குகிறது. ஒரு பக்கம் பழுதானால் மற்றவை நிற்கா; ஒரு தளத்தின் நிரல் மற்றொன்றை எட்டிப் பார்க்க இயலாது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்னும் பிராசசர் குறைபாடு வெளிப்பட்ட பின், ஒவ்வொரு தளத்தையும் முற்றிலும் பிரித்து வைக்கும் ஏற்பாடு அதே ஆண்டில் கணிப்பொறிகளில் நடைமுறைக்கு வந்தது. இதற்கு 10 முதல் 13 விழுக்காடு வரை நினைவகம் கூடுதலாகச் செலவாகும் என்று கூகுளே அறிவித்தது. வங்கிக் கணக்கு ஒரு தாவலிலும் அறிமுகமற்ற தளம் மற்றொன்றிலும் திறந்திருக்கும்போது, அந்தப் பத்து விழுக்காடு காவலாளிக்குக் கொடுக்கும் சம்பளம். ஃபயர்ஃபாக்ஸும் 2021 இல் இம்முறைக்கு வந்தது.

மேலும், கணிப்பொறியின் பட்டியலில் காணும் எண்களைக் கூட்டிச் சொல்வதில் இரட்டை எண்ணிக்கை நேர்கிறது. பல வேலைகள் பங்கிட்டுக்கொள்ளும் பகுதி ஒவ்வொன்றின் கணக்கிலும் தோன்றக்கூடும். தேசிய வருமானம் படித்தவர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. நினைவகம் காலியாக இருப்பது தன்னளவில் சிறப்பும் அன்று. ஆனால் 2 கிகாபைட் நினைவகம் மட்டுமுள்ள கைப்பேசியில் இவ்வாதங்கள் எடுபடமாட்டா என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு ஒரு கடவுச்சொல் செய்தியைப் பார்க்கச் சென்று திரும்பினால், படிவமே மறைந்து வெற்றுப் பக்கம் வந்து நிற்கும். இதனை எத்தனை அலுவலர்கள் தம் கண்ணால் கண்டிருக்கிறார்கள்?

நம் நாட்டில் ஓபரா மினி, யூ.சி. பிரவுசர் போன்றவை வேகத்திற்காகப் பெயர் பெற்றதும் இத்தகைய எளிய கைப்பேசிகளில்தான். 2005 இல் தோன்றிய ஓபரா மினி, பக்கத்தை முதலில் தன் சர்வரில் இறக்கிச் சுருக்கி, பின்னரே கைப்பேசிக்கு அனுப்பியது. எனவே அது எஞ்சினின் வேகமன்று, இடைத்தரகரின் உழைப்பு. அதற்கு விலையும் உண்டு: நாம் பார்ப்பதெல்லாம் இன்னொருவர் கைவழியே வருகிறது. யூ.சி. பிரவுசர் 2020 ஜூன் 29 ஆம் நாள் நம் அரசு தடை செய்த 59 செயலிகளுள் ஒன்று. வேகத்தை மட்டும் பார்த்து உலாவியைத் தேர்ந்தெடுப்போர் இதனையும் எண்ணிப் பார்ப்பது நலம்.

மிகுதியாகப் பயன்படுவது சிறந்ததா?

உலகப் பக்கப் பார்வைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குரோமின் வழியே நிகழ்வதாக மதிப்பீடுகள் கூறுகின்றன. இவை ஆட்களின் எண்ணிக்கையல்ல, பார்வைகளின் எண்ணிக்கை என்பது முதற் குறிப்பு. இவ்வளவு பேர் பயன்படுத்துவதால் அதுவே வேகமானது என்று முடிவு கட்டுவது அடுத்த பிழை. 1990 களின் இறுதியில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் நெட்ஸ்கேப்பை வென்றது. விண்டோஸுடன் இலவசமாக இணைத்துத் தரப்பட்டதற்கு அவ்வெற்றியில் எவ்வளவு பங்கு என்பதே 1998 இல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் மையம். இக்காலத்திலும் பெரும்பாலோர் கருவியில் முன்பே வைத்திருப்பதையே பயன்படுத்துகின்றனர். சஃபாரியில் கூகுள் தேடலை முன்னிருப்பாக வைப்பதற்கு 2022 ஆம் ஆண்டில் மட்டும் 2,000 கோடி டாலர் ஆப்பிளுக்கு அளிக்கப்பட்டதாக நீதிமன்ற ஆவணங்கள் காட்டின. முன்னிருப்புக்கு மதிப்பில்லை எனில் இத்தொகையை எவர் கொடுப்பார்? குரோமைக் கூகுள் விற்றுவிட வேண்டும் என்னும் அமெரிக்க அரசின் கோரிக்கையை 2025 செப்டம்பரில் நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுகிறேன்.

ஓர் உலாவியை மட்டும் நம்பிய நாடு பட்ட பாட்டுக்குத் தென்கொரியா சான்று. 1990 களின் இறுதியில், வலிமையான மறைக்குறியீட்டை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா கட்டுப்பாடு விதித்திருந்தமையால், அந்நாடு சீட் என்னும் சொந்த மறைக்குறியீட்டை உருவாக்கியது. பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் அதனை இயக்க ஆக்டிவ்எக்ஸ் என்னும் துணைநிரல் தேவைப்பட்டது. அது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்கும். வங்கி, வரி, கடைவீதி அனைத்தும் ஒரே உலாவிக்கு அடிமையாயின. அவ்வேற்பாட்டின் நடுவாக இருந்த அரசு அங்கீகாரச் சான்றிதழ் முறை 2020 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது. 2022 ஜூன் 15 இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஓய்வு பெற்றபோது, ஒரு கொரியப் பொறியாளர் அதற்குக் கல்லறைக் கல் நாட்டினார். மற்ற உலாவிகளை இறக்கிக்கொள்ள நல்ல கருவியாக இருந்தது என்று அதில் பொறித்திருந்தார்! சிரிப்புக்குப் பின்னால் இருபது ஆண்டு எரிச்சல் தெரிகிறது.

நாமும் குற்றமற்றவர்கள் அல்லோம். இன்ன உலாவியில், இன்ன திரை அளவில் பார்க்கவும் என்னும் வாசகத்தைப் பல அரசுத் தளங்களின் அடியில் நீங்கள் கண்டிருப்பீர்கள். இந்திய அரசு இணையத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009 இல் வெளியிடப்பட்டு, 2023 இல் மூன்றாம் பதிப்பைக் கண்டுள்ளன. எந்த உலாவியிலும் எந்தக் கருவியிலும் தளம் இயங்க வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். நெறி நம்மிடம் உண்டு; அடிக்குறிப்பு வாசகமும் சில இடங்களில் இன்னும் உண்டு.

இந்திய உலாவியைப் பற்றியும் ஒரு சொல். 2023 ஆகஸ்டில் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இந்திய இணைய உலாவி உருவாக்கப் போட்டியை அறிவித்தது. 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட முடிவில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் முதற் பரிசாக ஒரு கோடி ரூபாய் பெற்றது. அந்நிறுவனத்தின் உலா என்னும் உலாவியும் குரோமியத்தின் மீது கட்டப்பட்டதே. ஆகவே அது குரோமைவிட எத்தனை மடங்கு வேகம் என்று கேட்பது பொருந்தாது. பாதுகாப்பான தளம் என்று எதனை நம்புவது எனத் தீர்மானிக்கும் சான்றிதழ்ப் பட்டியலை இன்று பெரும்பாலும் வெளிநாட்டு உலாவி நிறுவனங்களே வைத்திருக்கின்றன. நம் நாட்டின் மூலச் சான்றிதழையும் ஏற்கும் உலாவி வேண்டும் என்பது அப்போட்டியின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. அதனை அந்த அளவுகோலால் மதிப்பிடுவதே முறை.

அளப்பதானால் எவ்வாறு?

2020 முதல் கூகுள் வெளியிட்டு வரும் பக்கத் தர அளவுகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பக்கத்தின் மிகப் பெரிய பகுதி 2.5 வினாடிக்குள் திரையில் தோன்ற வேண்டும் என்பது அது. இந்த வரம்பைச் சராசரியில் பார்ப்பதில்லை. பார்வைகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து அதற்குள் அமைய வேண்டும். சராசரியில் மறைந்துவிடும் மெதுவான கருவிகள் இதில் ஓரளவேனும் தலைகாட்டுகின்றன. ஓரளவே என்றேன், எஞ்சிய இருபத்தைந்தில்தான் நம் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்போர் பலர் இருக்கிறார்கள்.

அந்தச் சேவை மையத்திலிருந்து திரும்பிய பின் நாங்கள் செய்தது பெரிய தொழில்நுட்பமொன்றும் அன்று. விழாப் படங்களை முதற் பக்கத்திலிருந்து எடுத்து உள்ளே தனிப் பக்கத்தில் வைத்தோம். வருடிப் படமாக இருந்த வழிகாட்டிக் குறிப்பைத் தட்டச்சு செய்த உரையாக மாற்றினோம். பாதி நிரப்பிய படிவத்தைச் சேமிக்க ஒரு பொத்தான் சேர்க்கப்பட்டது. வேலை சில நாட்களில் முடிந்தது; விழாப் படங்களை நகர்த்துவதற்கான ஒப்புதல் கோப்பு மேலிருந்து திரும்பி வரத்தான் அதைவிட அதிக நாட்கள் ஆயின. இடையில் கடைசி நாளை நீட்டித்தோம். உலாவி பற்றிய பழைய சுற்றறிக்கையைத் திரும்பப் பெறும் சுற்றறிக்கையிலும் நானே கையொப்பமிட்டேன். நீட்டித்த நாளும் முடிந்த மறுநாள், எனக்கு எழுதிய அந்தத் தந்தையின் ஊர்ப் பெயரை வைத்துப் பட்டியலில் தேடிப் பார்த்தேன். அவருடைய மகளின் விண்ணப்ப எண் அதில் இருந்தது.